0.5 பெரிதா, 0.35 பெரிதா? குழந்தைக்குத் தசம எண் சொல்லித்தரும் முறை

பின்னமும் இட மதிப்பும் ஓரளவு தெரிந்த குழந்தைக்கு இது. கட்டத்தாள், பென்சில், மில்லிமீட்டர் கோடுகள் தெளிவாக உள்ள அளவுகோல் போதும். செயலிகள் வேண்டாம் என்பேன். கட்டங்களைக் கையால் தீட்டும்போது மனதில் பதிவது திரையைத் தொடும்போது பதிவதில்லை.

படி 1: பென்சிலை அளக்கச் சொல்லுங்கள். 7 செ.மீ. தாண்டி 4 சிறு கோடுகள் என்றால் 7.4 செ.மீ. புள்ளிக்கு அடுத்த இடம் பத்தில் ஒன்று. இது சட்டென்று பிடிபட்டுவிடும்.

படி 2: கட்டத்தாளில் 10க்கு 10 சதுரம் வரையுங்கள். முழுச் சதுரம் 1. ஒரு வரிசை 0.1. ஒரு கட்டம் 0.01.

படி 3: என் மகள் நின்றுபோன இடம் இதுதான். "35தானே பெருசு? அப்போ 0.35தான் பெருசு" என்றாள். '0.5ஐ 0.50 என்று எழுதிப் பார்' என்று சொன்னால் விடை வந்துவிடும், காரணம் புரியாது. அதனால் முதலில் தீட்டவிடுங்கள். 0.5க்கு 5 முழு வரிசைகள், 0.35க்கு 3 வரிசைகளும் 5 கட்டங்களும். இரண்டு சதுரங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எது பெரிது என்று கேட்கவே வேண்டாம். 5 வரிசை என்பது 50 கட்டம் என்று எண்ணிப் பார்த்தபின் 0.5உம் 0.50உம் ஒன்று என்பதும் தானாக வரும். 0.05ஐயும் தீட்டச் சொல்லுங்கள். அந்த நடுப் பூஜ்யத்தை ஏன் விடக்கூடாது என்று தெரியும்.

'புள்ளி முப்பத்தைந்து' என்று படிப்பதுதான் இந்தக் குழப்பத்துக்குத் தீனி. 'பூஜ்யம் புள்ளி மூன்று ஐந்து' என்றே படிக்கட்டும். 1585இல் ஐரோப்பியருக்குத் தசமங்களை விளக்கி எழுதிய சைமன் ஸ்டீவின் புள்ளியே வைக்கவில்லை. ஒவ்வொரு இலக்கத்தோடும் அது எத்தனையாவது இடம் என்று வட்டத்துக்குள் குறித்தார்: 3① 5②. எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது. 5①, 3① இரண்டையும் முதலில் ஒப்பிட வேண்டும் என்பது கண்ணுக்கே தெரிகிறது.

படி 4: கூட்டும்போது புள்ளிக்கு நேர் கீழே புள்ளி. 2.7 + 0.45 = 3.15.

பின்சேர்க்கை: கருத்துகளில் இரண்டு சிக்கல்கள் வந்தன. 0.9க்குப் பிறகு 0.10 என்று எண்ணும் குழந்தைக்கு, 9 வரிசை தீட்டிய சதுரத்தைக் கொடுங்கள். பத்தாவது வரிசையைத் தீட்டினால் சதுரமே நிரம்பிவிடும்: 1.0.

இன்னொன்று நேரம். 2.30 மணி என்று நாம் எழுதுவது தசமம் அல்ல. ஒரு மணிக்கு 60 நிமிடம், ஆகவே இரண்டரை மணி நேரம் தசமத்தில் 2.5. தசமம் நன்றாகப் பழகும்வரை நேரத்தை 2:30 என்றே எழுதிக் காட்டுங்கள்.