யு.கே.ஜி. மிஸ் எம்.எஸ்சி. படித்திருந்தால்

சேலத்தில் அஸ்தம்பட்டி, அழகாபுரம் பக்கம் பிள்ளைகளின் கை பிடித்து ‘அ’ எழுத வைக்கும் ஆசிரியைகளில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களும் உண்டு. நான் அவர்களில் ஒருத்தி. அடுத்த நிலைக்குப் போக நினைக்கும்போது நாங்கள் செய்யும் தவறுகளைக் கீழே சொல்கிறேன். பெரும்பாலானவை நானே செய்தவை.

வேலையில் தேங்கிவிட்டோம் என்று தோன்றியதும் அஞ்சல்வழியில் இன்னொரு எம்.ஏ.வுக்குப் பணம் கட்டிவிடுகிறோம். எந்தப் பதவிக்கு எந்தத் தகுதி என்று விசாரிப்பதில்லை. ‘பி.எட். இருக்கிறதே, ஒன்றாம் வகுப்புக்காவது போய்விடலாம்’ என்ற நினைப்பும் அப்படித்தான். தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கான ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 வினாக்கள். அவற்றில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றியவை. பிறப்பு முதல் மனித வளர்ச்சியைப் படிக்கும் ‘மனித மேம்பாடு’ பாடத்தில் பட்டம் பெற்றவர் அவற்றைத் தூக்கத்தில்கூட எழுதிவிடுவார். ஆனால் தொடக்கக் கல்விப் பட்டயம் போன்ற ஆசிரியர் பயிற்சி இல்லையென்றால் அந்தத் தாளை எழுதவே முடியாது. மூன்றாவது பட்டத்துக்குக் கட்டும் பணத்தை அந்தப் பட்டயத்துக்குக் கட்டியிருக்கலாம்.

அசல் சான்றிதழ்களைப் பள்ளி அலமாரியில் விட்டுவைக்காதீர்கள். மே மாதம் வேறு வேலை கிடைக்கும்போது தாளாளர் வெளியூரில் இருப்பார்.

அனுபவச் சான்றிதழைப் படித்துப் பார்க்காமல் வாங்குவது இன்னொன்று. ‘ஆசிரியையாகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்.’ என் ஏழு ஆண்டுகளுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். எந்த வகுப்பு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்ற விவரமே இல்லை.

அந்தத் தாளோடுதான் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏற்காட்டுப் பள்ளி ஒன்றில் மழலையர் பிரிவு ஒருங்கிணைப்பாளர் வேலைக்கான நேர்காணலுக்குப் போனேன். அவர்கள் பட்டத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 2022இல் வந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டம், 3 முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கவனித்துக் குறித்து வைப்பதை மதிப்பீட்டின் முக்கிய வழியாகச் சொல்கிறது. அதை வைத்து, “ஒரு பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைக் காட்டுங்கள்” என்றார்கள்.

‘ப’வையும் ‘ட’வையும் மாற்றி எழுதிய ஒரு பையன் நினைவுக்கு வந்தான். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவ வைத்து மூன்று வாரத்தில் அவனைத் திருத்தியிருந்தேன். ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. கைப்பேசியைத் திறந்தேன். ஆண்டு விழாவில் வண்ணத்துப்பூச்சி வேடமிட்ட பிள்ளைகளின் படம் இருந்தது. அவன் மூன்றாவது வரிசையில், ஒரு சிறகு கழன்று நின்றுகொண்டிருந்தான்.