பழைய கிப்சன் மாண்டலின் எந்த வருடத்தது? உள்ளே பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

ஹெட்ஸ்டாக்கில் (கழுத்தின் நுனியில் முறுக்காணிகள் இருக்கும் தலைப்பகுதி) முத்துச்சிப்பியில் ‘தி கிப்சன்’ என்று பதித்திருக்கும், நடுவில் நீள்வட்ட ஓட்டை, விற்பவர் “நூறு வருஷப் பழசு சார்” என்பார். உண்மையாகவே இருக்கலாம். அமெரிக்காவின் கலமசூ நகரில் 1902-இல் தொடங்கிய இந்தக் கம்பெனிக்கு முதல் இருபது வருடம் சோறு போட்டதே மாண்டலின்தான். எதற்கும் எண்ணைப் பார்த்துவிடுவோம்.

தேவையானவை: பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி, ஒயரில் தொங்கும் குட்டி எல்இடி விளக்கு, போன், ஒரு புற ஊதா டார்ச். மலிவான போரோஸ்கோப் (ஒயர் நுனியில் இருக்கும் குட்டி) கேமரா வேண்டாம். மிகக் கிட்டத்தில் சிலவற்றுக்கு ஃபோகஸ் ஆகாது.

1. நடுத் தந்திகளை மட்டும் தளர்த்தி ஒதுக்குங்கள். எட்டையும் கழற்றினால் பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் மரக்கட்டை) கையோடு வந்துவிடும். அது ஒட்டப்பட்டதல்ல, தந்தி இழுப்பில் நிற்பது. நகர்ந்துவிட்டால், நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் தங்கும் பட்டை) 12-ஆவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) வரை உள்ள தூரத்தை, அந்த ஃப்ரெட்டிலிருந்து மறுபடி அளந்து வையுங்கள். அடையாளத்துக்கு டேப் ஒட்டாதீர்கள், பழைய வார்னிஷ் உரிந்து வரும்.

2. ஓட்டைக்கு நேர் கீழே, பின்பலகையில் லேபிள் இருக்கும். மாடலும் சீரியல் எண்ணும் அதில் உண்டு. எழுபதாயிரத்துச் சொச்சம் என்றால் 1920-களின் முன்பாதி.

3. பலர் கைவிடுவது இங்கேதான். கழுத்து உடலோடு சேரும் இடத்தில், உள்ளே இருக்கும் நெக் பிளாக்கில் பேக்டரி ஆர்டர் எண் மையிலோ பென்சிலிலோ இருக்கும். ஓட்டையின் மேல் விளிம்புக்கு உள்ளே கண்ணாடியை விட்டு, கழுத்துப் பக்கம் திருப்புங்கள். விளக்கை நேராகக் காட்டினால் மரம்தான் பளிச்சென்று தெரியும், எழுத்து மறைந்துவிடும். பக்கவாட்டில், பிளாக்கை ஒட்டிப் பிடியுங்கள். பென்சில் கோடு மினுங்கும். கண்ணாடியில் 2 கிட்டத்தட்ட 5 போலத் தெரியும். கண்ணால் படிக்காமல் படம் எடுத்து, போனிலேயே இடவலம் திருப்பிப் படியுங்கள்.

இரண்டு எண்ணும் ஒத்துப்போகாது. ஒத்துப்போக வேண்டியதும் இல்லை. ஆர்டர் எண் வேலை தொடங்கும்போது ஒரு தொகுதிக்கே போடுவது, அதனால் பல மாண்டலின்களுக்கு ஒரே எண் வரும். சீரியல் முடிந்தபின் ஒவ்வொன்றுக்கும் தனியாக வருவது. ‘மாண்டலின் ஆர்க்கைவ்’ தளத்தில் இரண்டையும் தேடிப் பாருங்கள். அச்சிட்ட சீரியல் பட்டியல்கள் ஒன்றிரண்டு வருடம் முன்பின்னாக இருக்கும். இரண்டு எண்ணும் காட்டும் வருடம் முரண்பட்டால் ஆர்டர் எண் பக்கம் நிற்பதே நல்லது.

4. இனி வெளிப்புறம். ஹெட்ஸ்டாக்கில் டிரஸ் ராடின் (கழுத்து வளையாமல் இருக்க அதற்குள் ஓடும் கம்பி) மூடி இருந்தால் ஏறத்தாழ 1922-க்குப் பிந்தியது. மேலே போகப்போகக் குறுகும் ‘பாம்புத்தலை’ ஹெட்ஸ்டாக் 1920-களின் நடுப்பகுதிக்கு உரியது. உயரம் மாற்றும் பிரிட்ஜில் 1921 ஜனவரி 18 என்ற பேட்டன்ட் தேதியைப் பார்த்ததும் அதுவே பிறந்த தேதி என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கு முந்திய பிரிட்ஜ் அல்ல என்பது மட்டுமே அதன் பொருள். போதாக்குறைக்கு, பிரிட்ஜும் டெயில்பீஸ் (அடிப்பக்கம் தந்திகளை மாட்டும் தகடு) மூடியும் ட்யூனரும் (முறுக்காணி) எளிதாக மாற்றப்படுபவை. அவற்றை வைத்து வருடம் சொல்லாதீர்கள்.

சேர்க்கை: லேபிள் சந்தேகமாக இருந்தால் அறையை இருட்டாக்கி புற ஊதா டார்ச் அடியுங்கள். இக்காலக் காகிதத்தில் வெளுப்பூட்டி சேர்ப்பதால் நீலவெண்மையாக ஒளிரும். 1920-களின் காகிதம் மங்கலாகவே கிடக்கும். ஒளிர்ந்தால் லேபிள் மட்டும்தான் புதிது. மாண்டலின் பழையதாகவே இருக்கலாம். நெக் பிளாக் எண்ணை வைத்துப் பேரம் பேசுங்கள்.