ஏசியைத் துடைத்த பிறகே சோலார் கணக்கு

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். அதற்கு முன்பே, மாசி கழிவதற்குள், வீட்டு ஏசியையும் மின்விசிறிகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சித்திரை பிறந்த பிறகு மெக்கானிக்கை அழைத்தால், வருகிறேன் என்ற சொல்தான் வரும், ஆள் வரமாட்டார். மொட்டை மாடியில் சோலார் போடலாமா என்று கேட்பவர்களுக்கும் நான் இந்த வேலையைத்தான் முதலில் சொல்கிறேன். அழுக்கடைந்த ஏசி தின்னும் மின்சாரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், அந்த அழுக்குக்கும் சேர்த்துப் பேனல் வாங்க வேண்டியிருக்கும்.

படி 1: மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன், ஓர் இரவு படுக்கப் போகும்போதும் மறுநாள் காலை எழுந்ததும் மீட்டரில் யூனிட் எண்ணைக் குறித்து வையுங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். அவற்றுள் கிலோவாட் மணியை (kWh), அதாவது யூனிட்டைக் காட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். சர்வீஸ் முடிந்த பிறகு, அதே வெப்பநிலையில் அதே அளவு நேரம் ஏசியை ஓடவிட்டு மீண்டும் குறித்தால், செய்த வேலைக்குப் பலன் உண்டா என்பது எண்ணாகவே தெரிந்துவிடும்.

படி 2: ஃபில்டரும் தண்ணீர் போகும் பைப்பும்

ரிமோட்டில் நிறுத்தினால் போதாது. மின்பலகையில் ஏசிக்கான எம்சிபி எனும் பாதுகாப்பு சுவிட்சையும் இறக்கிவிட்டு, உள் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கி, இரண்டு ஃபில்டர்களையும் மெதுவாக உருவ வேண்டும். ஃபில்டரின் பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சினால் தூசி முன்பக்கமாகக் கழன்று விழும். முன்பக்கத்திலிருந்து பாய்ச்சினால் அது வலைக்குள்ளேயே இறுகிவிடும். பிறகு நிழலில் உலர்த்துங்கள், ஏனெனில் வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்து, திரும்பப் பொருந்தாமல் போகும். ஏசி தினமும் ஓடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்து, தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப். எங்கள் வீட்டில் ஒருமுறை உள் யூனிட்டிலிருந்து சுவர் வழியாகத் தண்ணீர் வடிந்து பெயின்ட் உப்பிவிட்டது. வெளியே போய்ப் பார்த்தால், பைப்பின் வாயைக் குளவி மண்ணால் அழகாகப் பூசி மூடியிருந்தது. குச்சியால் தட்டியதும் ஒரு சொம்பு அளவுக்குக் கறுத்த தண்ணீர் கொட்டியது. பைப்பின் வாயில் சிறு வலைத்துண்டைக் கட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

படி 3: வெளி யூனிட்

உள்ளே உறிஞ்சிய வெப்பத்தை வெளியே தள்ளுவது இந்தப் பெட்டிதான். எனவே அதைச் சுற்றிப் பழைய வாளி, துணிக்கொடி, அட்டைப்பெட்டி எதுவும் இருக்கலாகாது. மின்சாரத்தை நிறுத்திய பின், மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்காதபடி, வேகம் குறைந்த தண்ணீரால் மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். எலெக்ட்ரிக் பகுதி மூடிக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது அவசியம். யூனிட் சன்னலுக்கு வெளியே எட்டாத இடத்தில் தொங்கினால் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்று தகடுகளை அரித்துவிடும் என்பதால், அங்கே ஆண்டுக்கு ஒருமுறை கழுவினால் போதாது.

படி 4: 'கேஸ் இறங்கிவிட்டது' என்றால்

இது பலரிடம் பணம் பறிக்கும் வாக்கியம். ஏசிக்குள் இருக்கும் கேஸ் மூடிய குழாய்களுக்குள் சுற்றிவருவது. பெட்ரோல்போல் ஓடி ஓடித் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் கதைதான். என் வீட்டுக்கு வந்த ஒருவர் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டாமலேயே கேஸ் இல்லை என்று சொன்னார். மாட்டிக் காட்டுங்கள் என்றேன். அழுத்தம் சரியாகவே இருந்தது, காற்றைக் குளிர்விக்கும் காயிலின்மேல் அழுக்கு ஒரு பாய்போலப் படிந்திருந்ததுதான் காரணம்.

நீங்களே ஓரளவு கணிக்கலாம். பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு, ஏசி உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் வெளிவிடும் காற்றின் வெப்பநிலையையும் சாதாரண அறை வெப்பமானியால் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் பொதுவாகக் கவலையில்லை.

மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் இறக்கையைத் துடையுங்கள். அப்படியும் வேகம் வராவிட்டால் பெரும்பாலும் விசிறியின் கண்டென்சர் (கெப்பாசிட்டர்) போயிருக்கும், குறைந்த செலவில் மாற்றிவிடலாம். ஏசியை 24 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுவதே என் வழக்கம். நட்சத்திரக் குறியீடுள்ள அறை ஏசிகள் 2020 சனவரி முதல் 24 டிகிரியையே தொடக்க அளவாகக் கொண்டு வருகின்றன.

படி 5: இப்போது சோலார்

கடந்த ஆறு மின்கட்டண ரசீதுகளை எடுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு என்பதால் ஆறு ரசீது ஓராண்டு ஆகும். மே மாத ரசீதை மட்டும் பார்த்து மிரண்டு அளவை முடிவு செய்வதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஆறின் கூட்டுத்தொகை 3,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 8 யூனிட்டுக்குச் சற்று மேல். ஒரு கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்பதால், இந்த வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். படி 1-இல் குறித்த எண் சர்வீசுக்குப் பிறகு குறைந்திருந்தால், இந்தக் கூட்டுத்தொகையிலும் அதற்கேற்பக் கழித்துக்கொள்ள வேண்டும்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் 'பிஎம் சூர்ய கர்' திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம் என அறிவிக்கப்பட்டது; அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் உச்சவரம்பு 78,000 ரூபாய்தான். மானியம் வேண்டுமானால் திட்டத்தின் இணையதளத்தில் பதிவுபெற்ற நிறுவனத்தின் மூலம், இந்தியாவில் தயாரான பேனல்களைப் பொருத்த வேண்டும். தொகை வேலை முடிந்து ஆய்வு நடந்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும், ஆகவே முழுப் பணத்தையும் முதலில் நாம்தான் புரட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் அடங்கிவிடும் வீடுகளுக்கு நான் சோலாரைப் பரிந்துரைப்பதில்லை. முதல் 100 யூனிட் 2016 முதலே இலவசமாக இருக்க, போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும். 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குத்தான் உண்மையான லாபம்.

ஏசி ஓடுவது இரவில், பேனல் உழைப்பது பகலில் என்ற முரணை நெட் மீட்டர் தீர்க்கிறது. பகலில் மிஞ்சும் மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குப் போய், நாம் இரவில் எடுப்பதோடு கழிக்கப்படுகிறது. ஆனால் பேட்டரி இல்லாத இந்த அமைப்பு, கரண்ட் போனால் நண்பகல் வெயிலிலும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, பேனல் தருவதை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரே தன்னைத் துண்டித்துக்கொள்கிறது. வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு விற்றவரோடு சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 6: மாடியை அளங்கள்

ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழல் விழாத இடம் தேவை. காலை 9, நண்பகல் 12, மாலை 3 மணிக்கு மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழலும் எங்கே விழுகின்றன என்று சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் நீளும் என்பதால் அப்போதும் ஒருமுறை பார்க்க வேண்டும். பேனல் தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். பேனலைத் துடைக்க போர்வெல் தண்ணீரைப் பயன்படுத்தினால் வெள்ளையாக உப்புக்கறை படிந்துவிடும். விடிந்ததும், கண்ணாடி சூடேறுவதற்கு முன், நல்ல தண்ணீரில் நனைத்த மென்மையான துணியால் துடைத்துவிடுங்கள்.