பந்தயப் பாதையை முன்கூட்டியே பார்ப்பது எப்படி?

மவுண்டன் பைக் பந்தயத்துக்கு முந்தின நாள் பாதையை ஓட்டிப் பார்க்க விட்டால், முதல் சுற்றிலேயே வேகம் காட்டாதீர்கள். கிராஸ் கன்ட்ரியில், அதாவது ஏற்ற இறக்கமான ஒரே பாதையைப் பல சுற்று ஓட்டும் பந்தயத்தில், ஒரு சுற்று பெரும்பாலும் 4 முதல் 6 கிலோமீட்டர்தான். நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

பாறை இறக்கமோ வேர்கள் பின்னிக் கிடக்கும் இடமோ வந்தால் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு இறங்கி நடங்கள். கீழே போய் நின்று மேலே திரும்பிப் பாருங்கள். மேலிருந்து தெரியாத வழி அங்கிருந்து பளிச்சென்று தெரியும். முன் சக்கரம் எந்தப் பாறைக்கு இடப்பக்கம் இறங்க வேண்டும், பிரேக்கை எங்கே விட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். அடையாளத்துக்கு மரம் மாதிரி நகராத ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கல்லை நம்ப முடியாது, நாலு பேர் ஓட்டினால் இடம் மாறிவிடும்.

வளைவு திரும்பியதும் சட்டென்று எழும் ஏற்றத்தைப் பலர் கோட்டை விடுகிறார்கள். வளைவுக்கு முன்பே லேசான கியருக்கு மாறாவிட்டால் செயின் கறகறக்கும், அங்கேயே கால் ஊன்ற வேண்டியதுதான்.

தொடக்கக் கோட்டிலிருந்து பாதை ஒற்றையடியாகக் குறுகும் இடம் வரை தனியாக ஒருமுறை வேகமாக ஓட்டிப் பாருங்கள். அதற்குள் முந்தாவிட்டால் அப்புறம் வரிசையில்தான் போக வேண்டும். தண்ணீர் குடிக்கத் தோதான சமதளத்தையும் பார்த்துவையுங்கள்.

இரவில் மழை பெய்தால் வேர்கள் வழுக்கும். அதனால் கடினமான இடங்களில் பாதையின் எல்லையைக் காட்டக் கட்டியிருக்கும் நாடாவுக்கு உள்ளேயே இன்னொரு வழியும் தெரிந்திருக்கட்டும், கொஞ்சம் சுற்றாக இருந்தாலும் பரவாயில்லை.