எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்கள் தமக்கென ஒரு குழுவைத் தொடங்குவது எப்படி?

முதல் கூட்டத்துக்கு ஐந்தாறு பெண்கள் போதும். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகரிடம் சொல்லி வையுங்கள். விருப்பமுள்ளவர்கள் தாமாக வரட்டும். பெயர்ப் பட்டியலைக் கேட்காதீர்கள், ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது.

நாளையும் இடத்தையும் தேர்வதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியிலோ பள்ளிபாளையம் விசைத்தறியிலோ உழைப்பவருக்கு விடுப்பு என்பது ஒரு நாள் கூலி இழப்பு, ஆகவே எச்.ஐ.வி.க்கான சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாத்திரை வாங்க வரும் நாளிலேயே அருகில் ஓர் அறையில் கூடினால், பேருந்துச் செலவு மிச்சமாவதோடு, ஊரில் யாருக்கும் விளக்கம் சொல்லவும் நேராது. சொந்த ஊர்ச் சமுதாயக் கூடத்தைத் தவிர்ப்பதே நல்லது என்பேன்.

பேச்சு மாத்திரையோடு நின்றுவிடக் கூடாது. கணவரை இழந்தவரிடம் அவருக்கு உரிய வீடு, தோட்டத்துப் பங்கு ஆகியவற்றைப் பற்றியும் கேளுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்குக் கட்டணமில்லாமல் வழக்கறிஞர் உதவி கிடைக்கும். அங்கே அவரைத் தனியே அனுப்பாமல், குழுவில் ஒருவர் உடன் செல்ல வேண்டும்.

தலைமையைப் படித்தவரிடமே விட்டுவிடாதீர்கள். கூட்டம் நடத்துவதும் கணக்கெழுதுவதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைமாறட்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, மற்றவர் எழுதலாம். எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கென 1998-இல் ஓர் அமைப்பைத் தொடங்கிய கௌசல்யா பெரியசாமி நாமக்கல் பகுதியைச் சேர்ந்தவர் என்பதைப் புதிதாக வருபவரிடம் சொல்லுங்கள். கூட்டம் இல்லாத நாள்களில் அழைக்க, 1097 என்னும் கட்டணமில்லா எய்ட்ஸ் உதவி எண்ணையும் அவருக்குக் கொடுத்தனுப்புங்கள்.