‘நானும் சேலம்தாங்க’: ஊர்ப்பெருமை பேசி இணையத்தில் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்பின் தெரியாத இரண்டு பேர் இணையத்தில் பேச ஆரம்பிக்க ஊர்ப்பேச்சைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பெண், இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்த சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட்டின் படத்தை இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போடுகிறார். கோயம்புத்தூரில் படிக்கும் ஒரு பையன் ‘இது எந்தக் கடை? நானும் சேலம்தாங்க’ என்று எழுதுகிறார். காரச் சட்னி தூக்கலாக வேண்டுமா, பீட்ரூட் துருவல் நிறைய வேண்டுமா, தட்டுவடை செட்டைவிட, அதையே நொறுக்கிக் கலந்து தரும் நொறுக்கல் நல்லதா என்று பேச்சு அரைமணி நேரம் ஓடிவிடுகிறது. இது நட்பாகலாம், கொஞ்சம் கடலையாகலாம், காதலாகக்கூட ஆகலாம். அதே ஊர்ப்பெருமையைத் தப்பாகக் கையாண்டால் நாலாவது மெசேஜிலேயே பிளாக்தான். நம் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி சறுக்கும் இடங்களை எழுதுகிறேன்.

முதல் சறுக்கல், ஊரைப் பொது அறிவுப் புத்தகம்போல ஒப்பிப்பது. மாங்கனி மாநகரம், உருக்காலை, வெள்ளிக் கொலுசு, ஜவ்வரிசி, மேட்டூர் அணை, ஏற்காடு என்று வரிசையாக அனுப்பினால் எதிரில் இருப்பவர் ‘சூப்பர்’ என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வார். அவர் வேறென்னதான் சொல்ல முடியும்? 1935-ல் டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோவைத் தொடங்கினார் என்பதை யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துக்கொள்ளலாம். ஏற்காடு ரோட்டில் இன்னும் நிற்கும் அதன் முகப்பு வளைவைக் கடக்கும்போதெல்லாம் உங்கள் பாட்டி என்ன சொல்வார் என்பது உங்களிடம் மட்டும்தான் கிடைக்கும். ஆடி மாதம் சேலத்தின் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும்போது சாமி வேஷம் கட்டியவர்கள் வண்டியில் வருவதை யார் தோளில் உட்கார்ந்து பார்த்தீர்கள், செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமா வீட்டில் நாள் முழுக்க என்ன சத்தம் கேட்கும், இப்படி எழுதுங்கள். நீங்கள் பார்த்ததைச் சொன்னால்தான் அவருக்கும் தான் பார்த்ததைச் சொல்லத் தோன்றும்.

அடுத்தது, பெருமையைப் போட்டியாக்குவது. ‘எங்க ஊர்ல மல்கோவா இருக்கு, உங்க ஊர்ல என்ன இருக்கு?’ என்று விளையாட்டாகத்தான் கேட்கிறோம். கேட்பவர் காதில் அது மட்டம் தட்டுவதாகத்தான் விழும். அதிலும் எதிரில் இருப்பவர் கிருஷ்ணகிரிக்காரராக இருந்தால் மாம்பழத்தில் நீங்கள் வாயைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. இன்றைக்கு மாந்தோப்பும் மாம்பழக்கூழ் ஆலையும் அந்தப் பக்கம்தான் அதிகம். 1965-ல் தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கத்துப் பழமும் சேலத்து மாம்பழம் என்ற பெயரில்தான் வெளியூர் போனது. நாமக்கல் விஷயமும் இதுதான். 1997-ல் அது தனி மாவட்டமாகிவிட்டது. கொல்லிமலையையும் ராசிபுரம் நெய்யையும் ‘எங்க சேலம்’ கணக்கில் சேர்த்து ஒரு நாமக்கல் பெண்ணிடம் அளந்தால், அவர் திருத்துவார். திருத்துவதோடு பேச்சும் ஆறிப்போகும். இதையே ‘ஒரு காலத்தில் நாம ஒரே மாவட்டம்ங்க, உங்க பக்கம் இப்போ என்ன பழம் வருது?’ என்று கேட்டுப் பாருங்கள். பேச எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். உங்கள் ஊரைப் பற்றி இரண்டு வரி எழுதினால் அவர் ஊரைப் பற்றி ஒரு கேள்வியாவது கேளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

மாம்பழத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியே ஆகவேண்டும். ‘சேலத்து மாம்பழமே’, ‘குண்டு மாம்பழம்’ என்று ஒரு பெண்ணுக்கு எழுதுவதைக் கொஞ்சல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் பலர். சேலம் என்று சொன்ன எந்தப் பெண்ணும் இதை ஏற்கெனவே கேட்டிருப்பார்; ஒவ்வொரு முறையும் கூசியிருப்பார். அதில் உள்ள இரட்டை அர்த்தம் எழுதுபவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். எழுதவே எழுதாதீர்கள். அவர் போட்ட படத்தில் என்ன பிடித்தது, அவர் எழுதிய வரியில் எது சிரிக்க வைத்தது என்று சொன்னாலே போதும். உண்மையான கவனிப்பைப்போல மனதைத் தொடுவது வேறில்லை.

சரி, ஏற்காட்டுக்கு வருவோம். எதிரில் இருப்பவர் மலைமேல் இருக்கும் ஊர்க்காரர் என்று தெரிந்ததும் கீழே இருக்கும் நாம் செய்யும் தவறு, அவருடைய ஊரைச் சுற்றுலாத் தலமாக மட்டும் பார்ப்பது. ‘தினமும் ஜில்லுனு ஜாலியா இருப்பீங்கல்ல’ என்று எழுதுகிறோம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், கொண்டை ஊசி வளைவுகள் 20 தாண்டி, வாழ்க்கை நடத்துபவருக்குக் குளிரைத் தவிர வேறு கவலைகளும் இருக்கின்றன. பெரிய ஆஸ்பத்திரி என்றால் கீழே இறங்க வேண்டும். மே மாதக் கோடை விழாவிலும் தொடர் விடுமுறையிலும் சொந்த வீட்டுக்குப் போக அவரும் வண்டி வரிசையில்தான் நிற்க வேண்டும். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த தாத்தா பாட்டி பலருக்கும் இருப்பார்கள். சேர்வராயன் மலையின் பூர்வகுடிகளான மலையாளி மக்கள் வீட்டுப் பிள்ளைகளும் இன்று செல்போன் வைத்துக்கொண்டு நம்மோடு பேசுகிறார்கள். அவர்களிடம் லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் என்று நாம் பார்த்த இடங்களை வரிசையாகச் சொல்வதில் என்ன இருக்கிறது? கோடை மழை விழுந்ததும் காப்பிச் செடி பூக்குமே, அந்த வாசனை உங்கள் வீட்டுவரைக்கும் வருமா என்று கேளுங்கள். சேர்வராயன் கோயில் திருவிழா உங்கள் ஊரில் எப்படி நடக்கும் என்று கேளுங்கள்.

இனி சொல்லப்போவது மற்றவற்றைப் போன்ற சின்னத் தவறு இல்லை.

‘சேலத்துல எந்த ஏரியா?’ என்பது இயல்பான கேள்வி. அதற்குப் பிறகு ‘எந்தத் தெரு?’, ‘அப்பா என்ன பண்றார்?’, ‘உங்க குலதெய்வக் கோயில் எங்க இருக்கு?’ என்று கேள்விகள் வரிசையாக வந்தால், கேட்பவர் எதைத் தேடுகிறார் என்பது இரண்டு பேருக்கும் புரிந்துவிடுகிறது. ஊரைக் கேட்பதுபோல சாதியைக் கேட்பது நம் பக்கத்தில் ஊறிப்போன பழக்கம். நேரில் கேட்டால் தப்பு என்று தெரிந்தவர்கள்கூட சாட்டில் கேட்கிறார்கள். ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015-ல் திருச்செங்கோடு கோயிலில் உடன் படித்த வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். குற்றவாளிகளுக்கு 2022-ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு பெண்ணும் பையனும் பேசிக்கொள்வதற்கு இப்படி ஒரு விலை கேட்ட மண்ணில் நின்றுகொண்டு அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கக் கூடாது. உங்களிடம் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. ‘அது எதுக்குங்க?’ என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். மழுப்பினால் அங்கேயே விலகிக்கொள்ளலாம். ‘எங்க ஆளுங்க வீரம்’, ‘எங்க சனம்’ என்று ஊர்ப்பெருமைக்குள் சாதிப்பெருமையைச் செருகும் ரீல்ஸைப் பகிர்வதும் இதில் சேர்த்திதான். ஊர் எல்லோருக்கும் பொது. நெசவுத் தறியும் ஜவ்வரிசி ஆலையும் வெள்ளிப் பட்டறையும் பல மொழி பேசுகிற, பல தெருக்களில் இருக்கிற மக்களின் உழைப்பு.

வேகத்திலும் தவறுகிறார்கள். நாம் ‘ங்க’ போட்டுப் பேசிப் பழகியவர்கள். காலையில் ‘சொல்லுங்க’ என்று தொடங்கி மதியமே ‘என்னடி பண்ற’ என்று இறங்கினால் யாருக்கும் பிடிக்காது. அவராக ‘நீ’ என்று எழுதும்வரை நீங்களும் ‘நீங்க’ என்றே எழுதுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது. முதலில் ‘தங்கச்சி’ என்று நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டு அப்புறம் காதல் சொல்வது அதைவிட மோசம். அவர் உங்களைப் பிடிவாதமாக ‘அண்ணா’ என்கிறார் என்றால் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால், ஒருநாள் கழித்து ஒரே ஒரு முறை விசாரிக்கலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிட வேண்டும். வேறு ஐடியிலிருந்து ரிக்வெஸ்ட் அனுப்புவது, அவருடைய தோழிக்கு மெசேஜ் போடுவது, வீட்டுப் பக்கம் பைக்கில் சுற்றுவது எதுவும் காதலாகாது. விருப்பமில்லை என்று தெளிவாகத் தெரிந்த பிறகும் ஒரு பெண்ணை ஒருவர் திரும்பத் திரும்பத் தொடர்வதும், இணையத்தில் அவரைக் கண்காணிப்பதும் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டுவரை சிறை உண்டு. எதிரில் இருப்பவர் 18 வயது நிரம்பாதவர் என்று தெரிந்தால் கடலைப் பேச்சை அந்த நிமிஷமே நிறுத்துங்கள்.

தன் ஊரைக் காட்டும் ஆர்வத்தில் தன்னையே முழுக்கக் காட்டிவிடுவது இன்னொரு தவறு. வாசல் கோலம் அழகாக இருக்கிறது என்று படம் போடுகிறோம்; அதில் கதவு எண் தெரிகிறது, பக்கத்துக் கடைப் பலகை தெரிகிறது, டிஎன் 30 என்று தொடங்கும் வண்டி நம்பர் முழுதாகத் தெரிகிறது. உங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க உள்ளூர்க்காரருக்கு இது போதும். ஏற்காடு ஏரியில் படகில் இருக்கும்போதே ஸ்டோரி போடாமல், வீட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். ‘நானும் சேலம்தான்’ என்பதையே தூண்டிலாகப் போடும் மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள். ஐந்து ரோடு, பழைய பஸ் ஸ்டாண்ட் என்று நாலு பெயர் சொன்னதும் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்த நாலு பெயரும் மேப்பைத் திறந்தால் கிடைக்கும். நேரில் பார்க்காதவருக்குப் பணம் அனுப்பக் கூடாது. அந்தரங்கப் படமும் அனுப்பக் கூடாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தகவல் போனால் அதை முடக்க வாய்ப்பு அதிகம்.

நேரில் பார்க்கலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டால், ‘ஏற்காடு போலாமா?’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் மனதில் தப்பான எண்ணமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் முதல் முறை பார்க்கும் ஒருவரின் பைக்கில் மலையேறினால், பிடிக்கவில்லை என்றாலும் அவராக இறங்கி வர முடியாது. பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், வளைவுகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அழைக்கப்பட்டவர் மறுத்தால் அதில் கோபப்பட எதுவும் இல்லை. நாலு ரோடு, ஐந்து ரோடு பக்கம் ஆள் நடமாட்டமுள்ள ஹோட்டலில், பகலில், ஒரு காப்பியோடு முதல் சந்திப்பை வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக வந்து தனித்தனியாகப் போங்கள். எங்கே போகிறோம், யாரைப் பார்க்கிறோம் என்று ஒரு நண்பரிடமாவது சொல்லிவிட்டு வாருங்கள். இதைப் பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜூன் மாதம் என்றால் வீட்டில் வாங்கிய இமாம்பசந்து மாம்பழத்தில் இரண்டு எடுத்துக்கொண்டு போவதில் தப்பே இல்லை.

சந்தித்துவிட்டு வந்த அன்றைக்கே, தொடரலாமா வேண்டாமா என்பதை நேராக எழுதிவிடுங்கள். வேண்டாம் என்றால் ‘உங்களோட பேசினது நல்லா இருந்துச்சுங்க, ஆனா இதுக்கு மேல வேண்டாம்னு தோணுது’ என்ற அளவு போதும். அந்தப் பக்கத்திலிருந்து அப்படி வந்தால் காரணம் கேட்டுத் துருவாமல் ‘சரிங்க’ என்று எழுதுங்கள். சேலம் பெரிய ஊர்தான் என்றாலும் அடுத்த வாரமே ஏதாவது கல்யாண வீட்டிலோ பஸ்ஸிலோ அவரைப் பார்க்க நேரலாம். அவர் நம்பி அனுப்பிய படங்களையும் குரல் பதிவுகளையும் யாருக்கும் காட்டாமல் உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.