கிண்டர்கார்டன்: ஸ்பெல்லிங்ல இருந்து சரித்திரம் வரைக்கும் நடக்கற குழப்பங்கள்

எல்.கே.ஜி., யு.கே.ஜி.ல வர்ற அந்த கே.ஜி. தான் கிண்டர்கார்டன், இது இங்கிலீஷ்க்காரன் ஜெர்மன்ல இருந்து அப்படியே தூக்கிட்டு வந்த வார்த்தை. அதனால ஸ்பெல்லிங்லயும் 'கார்டன்'ல டேபிளுக்கு போடற டீ தான் வரணும், டோருக்கு போடற டி கிடையாது. நடுவுல இடம் விட்டு ரெண்டு வார்த்தையா பிரிச்சும் எழுதாதீங்க, நிறைய ஸ்கூல் போர்டுலயே இப்படித்தான் இருக்கு. 'கிண்டர்'னா ஜெர்மன்ல குழந்தைங்க, 'கார்டன்' தோட்டம். அன்பா இருக்கறதுக்கு இங்கிலீஷ்ல சொல்ற 'கைண்ட்' வச்சு அர்த்தம் சொல்றவங்களை நம்ப வேணாம்.

வயசுலயும் குழப்பிக்காதீங்க. அமெரிக்காவுல அது அஞ்சு வயசுல போற ஒரு வருஷ கிளாஸ். ஜெர்மனியில மூணுல இருந்து ஆறு வயசு வரைக்கும் போற இடம், அங்க முக்கியமா விளையாட்டுதான், எழுத படிக்க கத்துக்கறதெல்லாம் ஒண்ணாம் கிளாஸ் போனப்புறம்.

ஆரம்பிச்ச வருஷத்தையும் பேர் வச்ச வருஷத்தையும் ஒண்ணாக்கிடறாங்க. ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல்ங்கற ஜெர்மன் கல்வியாளர், ஜெர்மனியில பாட் பிளாங்கன்பர்க்ங்கற ஊர்ல 1837ல இதை ஆரம்பிச்சார், இந்தப் பேரை வச்சது 1840ல தான். தோட்டம்னு சும்மா பேருக்கு சொல்லல, பிள்ளைங்க நிஜமாவே செடி வளர்க்கணும்னு அவர் இடம் ஒதுக்கச் சொன்னவர். அவர் குடுத்த விளையாட்டு சாமான்ல மரத்துல செஞ்ச ஒரு கனசதுரம் உண்டு, நூல்ல தொங்க விட்டு வேகமா சுத்தினா அது உருளை மாதிரி தெரியும், குழந்தை அதை பார்த்தே வடிவம்னா என்னன்னு புரிஞ்சுக்கும், எனக்கு இன்னிக்கு பாடப்புத்தகத்துல இருக்கற வடிவியல் படத்தை விட இது ரொம்ப பிடிச்சிருக்கு.

1851ல பிரஷ்ய அரசாங்கம் (பிரஷ்யாங்கறது அப்போ இருந்த ஒரு பெரிய ஜெர்மன் நாடு) நாத்திகம், சோசலிசம் பரப்புதுன்னு சொல்லி இதுக்கு தடையே போட்டுச்சு. அந்த மாதிரி கருத்தெல்லாம் அவரோட அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபலோடது, பேர் ஒண்ணா இருந்ததால ஆள் மாத்தி அடிச்சுட்டாங்கன்னு சொல்லுவாங்க. ஃப்ரோபல் மறுவருஷமே இறந்துட்டார், தடையை எடுத்தது 1860ல.

அமெரிக்காவுல முதல்ல ஆரம்பிச்சது எலிசபெத் பீபாடின்னு எழுதறதும் அரைகுறை தகவல். 1860ல பாஸ்டன்ல அவங்க நடத்தினது இங்கிலீஷ் வழி, அதுக்கு முன்னாடியே 1856ல விஸ்கான்சின்ல வாட்டர்டவுன்ங்கற ஊர்ல மார்கரெத்தே ஷுர்ஸ் ஜெர்மன் மொழியிலயே நடத்திட்டாங்க.

சின்னப் பிள்ளைங்களுக்கான மாண்டிசோரி முறையும் இதுவும் ஒண்ணுன்னும் போட்டுடாதீங்க. அதை உருவாக்கின மரியா மாண்டிசோரி இத்தாலிக்காரங்க, பிறந்ததே ஃப்ரோபல் இறந்தப்புறம் 1870ல தான்.